போயிட்டு வரேன்

இரவு பத்தரை. வில்லிவாக்கம்.
லாரி வந்துடுச்சு என்று கீழ்வீட்டுத் தேவகுஞ்சரி
குரல் கொடுக்கிறாள்.
இரண்டு குடத்தோடு படியிறங்கும்போது
கைப்பேசியில் வில்மர்.
அங்கே மதியம் ஒரு மணி.
சிக்னலுக்காக மேடேறியிருப்பான்.
மூச்சிரைப்பு, அதற்குப் பின்னால் காற்று,
காற்றுக்கும் பின்னால் செம்மறிகள்.

பொலிவியா போயிருந்தேன் என்றால்
போலியோ சொட்டு மருந்தா என்கிறார்கள்.
இல்லை, நாடு.
பதினான்கு மாதம், சம்பளம் இல்லை,
தகரக்கூரைக்குக் கீழே ஒரே அறை,
ஐமாரா பேசும் பதினொரு பிள்ளைகள்,
நான், ஆங்கிலம்.

பானையில் பருப்பு வேகாத உயரம் அது.
கொண்டுபோன குக்கர் விசிலடித்த முதல் நாள்
வகுப்பே எழுந்து நின்று எண்ணியது:
ஒன். டூ. த்ரீ.
பத்து வரை வரட்டுமென்று
ஒருநாள் இறக்காமல் விட்டேன்.
பருப்பு கூழானது. பத்து வந்தது.

பிறகு ஒரு காலை
'வீ' என்று கரும்பலகையில் எழுதினேன்.
யெசெனியா கை தூக்கினாள்.
இதில் கேட்கிற ஆளும் உண்டா, இல்லையா?
அவர்களிடம் அதற்கு இரண்டு சொல்.
ஜிவாசா என்றால் நீயும் சேர்த்தி.
நனகா என்றால் நீ வெளியே.
ஆங்கிலம் திருதிருவென முழித்தது.
ஸ்பானியம் வாயே திறக்கவில்லை.
என் தொண்டைக்குள் இரண்டும் இருந்தன:
நாம். நாங்கள்.
சாக்பீஸ் ஒடியும்வரை எழுதிக் காட்டினேன்.
அந்த ஒருநாள் நான் அங்கே இருந்தது
யாருக்கோ பயன்பட்டிருக்கலாம்.
மற்ற நாள்களில் குளிருக்கு அழுதேன்,
தயிருக்கு அழுதேன்,
ஸ்பானிய வினைச்சொற்களுக்கு அழுதேன்.

போன வாரம் பிரேயரில் கரஸ்பாண்டன்ட் சொன்னார்:
"பின்தங்கிய மக்களை முன்னேற்றப் போன
நம்ம குமுதவல்லி மிஸ்!"
மைக் கீச்சிட்டது.
குக்கர் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள்.
இறங்கிவிட்டேன்.

இதைச் சொல்லவில்லை:
கிளம்பிய அன்று வேன் உறுமிக்கொண்டிருக்க
வில்மர் கேட்டான்,
உங்கள் பாஷையில் எப்படி விடைபெறுவீர்கள்?
போயிட்டு வரேன், என்றேன்.
அர்த்தம் கேட்டான்.
சொல்லுக்குச் சொல் ஸ்பானியத்தில் வைத்தேன்:
போகிறேன், திரும்பி வருகிறேன்.
வெறும் 'போறேன்' சொன்னால்
எங்கள் வீட்டில் வாயில் அடிப்பார்கள்,
சாவுக்குப் போகிறவர்கூட வரேன் என்பதில்லை,
அங்கே மட்டும் சொல்லாமல் எழுந்துவிடுவோம்,
இதையெல்லாம் விளக்க
என்னிடம் வினைச்சொல் போதவில்லை.
ஹாரன் வேறு.
அவன் நோட்டில் எழுதிக்கொண்டான்.
நிமிர்ந்து, எந்த மாதம், என்றான்.
நான் கையசைத்தேன்.

வாய்ப்பழக்கம்தான். ஆனால் அவனுக்குத் தேதி வேண்டும்.

முதல் குடம் பாதி நிறைகிறது.
ஒலிப்பதிவு ஸ்பானியத்தில் தொடங்குகிறது:
புது டீச்சர் இன்னும் வரவில்லை, ப்ரொஃபே.
குக்கரின் ரப்பர் பிய்ந்துவிட்டது, இப்போது கத்துவதில்லை.
யெசெனியா நகரத்துக்கு வீட்டுவேலைக்குப் போய்விட்டாள்.
பிறகு, நான் புரிந்துகொள்வேன் என்ற நம்பிக்கையில்,
ஐமாராவுக்குத் தாவுகிறான்.
கிழங்கு தோண்டினோம். பனியில் பரப்பினோம்.
வெறுங்காலால் மிதித்தோம்.
நனகா, என்கிறான். மூன்று முறையும் நனகா.
இலக்கணத்தில் பிழை இல்லை.
கோபமும் இல்லை குரலில்.
நான் இல்லாத இடத்தில்
நான் இல்லாத சொல், அவ்வளவுதான்.

மாதம் கேட்கவில்லை இந்த முறை.
கடைசியில் மட்டும் தமிழில், ஒவ்வோர் எழுத்தாய்:
போ யிட் டு வ ரே ன்.
மேட்டிலிருந்து இறங்கியிருப்பான்.
நாளைக்கோ மறுநாளோ ஏறுவான்.
அவன் சொன்னால் அது நடக்கும்.

பதில் சொல்ல மைக்கை அழுத்துகிறேன்.
எதுவும் வரவில்லை.
குழாய்த் தண்ணீர் பிளாஸ்டிக்கில் விழும் சத்தம்,
வழியுதுக்கா வழியுது,
யாரோ குடத்தை உதைத்துத் தள்ளும் ஓசை,
"ஏய், அது நம்ம குடம்!" என்று
என்னுடையதற்காகத் தேவகுஞ்சரி போடும் சண்டை.
ஈரக் கை வழுக்கி விரல் விடுகிறது.
பதினேழு நொடி.
அது பாட்டுக்குப் போய்விட்டது.