ஆரம்ப நிலையினருக்கு

சவுக்குத் தோப்பு, கடல், வெள்ளைப் பலகைத் தளம்.
அவளுடைய நாய்கூட வெள்ளை.
"வாங்க, நிதானமா ஆரம்பிக்கலாம்" என்கிறாள் நடிகை.

எனக்குப் பள்ளத்தூர்.
பெரிய வீடொன்றின் இரண்டாம் கட்டில் பாதி,
மாதம் மூவாயிரத்து ஐந்நூறு, கரண்டு தனி.
கைபேசியைச் சாய்த்துவைக்க அரிசி டப்பா.

தேவகோட்டை டாக்டர்
என் கழுத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"தேய்மானம்" என்றார்,
பழைய செருப்பைப் பற்றிச் சொல்வதுபோல.
மறுநாளே ஆபீஸ் சிந்தாமணி இதை அனுப்பிவைத்தாள்
மூன்று கும்பிடு பொம்மைகளோடு.

யோகா விரிப்பு எழுநூறு ரூபாயாம்.
ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டேன்.
வீரனைப்போல் நில்லுங்கள் என்றாள், நின்றேன்.
முன்கால் முகப்பைப் பார்க்க
பின்கால் கிணற்றடியைப் பார்க்க
இரண்டும் என்னைக் கேட்காமலே புறப்பட்டன.
ஆத்தங்குடிக் கல்லை
இத்தனை வருஷம் எண்ணெய் போட்டுத் துடைத்தவர்கள்
இப்படி ஒரு காலை வருமென்று நினைத்திருக்க மாட்டார்கள்.

"என்ன விழுந்துச்சு?"
குளியலறையிலிருந்து சாத்தையா.
"ஒண்ணுமில்ல, டப்பா."

ஜமுக்காளத்தைச் சுருட்டிவிட்டு
வெறுந்தரையில், வெறுங்காலில், மறுபடியும்.

அடுத்தது நாய் சோம்பல் முறிப்பது.
கை தரையில், இடுப்பு வானத்தில்,
தலை தொங்க
என் முழங்கால்களுக்கு நடுவே உலகம் தலைகீழ்.
சிக்னல் போனது.
அவள் வயிற்றின்மேல் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது.

இறங்கு என்று அவள் சொல்லவில்லை.
நான் தபால்துறை ஊழியை,
உத்தரவு வராமல் இறங்கிப் பழக்கமில்லை.
காத்திருந்தேன்.
கட்டிலுக்கு அடியில்
மூன்று மாதம் தேடிய சிலிண்டர் ரசீது,
ஓர் ஐந்து ரூபாய்,
மகன் இல்லவே இல்லையென்று சத்தியம் செய்த
கணக்குப் பரீட்சைத் தாள்.
முப்பத்தொன்று மதிப்பெண்ணைத் தலைகீழாகப் பார்த்தாலும்
கூடுதலாகத் தெரியவில்லை.
தொடை நடுங்கியது. வியர்வை
மூக்கு வழியாக ஏறி, இல்லை, இறங்கிக் கண்ணுக்குள் போனது.
வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த ஓர் ஆசனத்தை
அவளைவிட அதிகநேரம் செய்தவள் நான்.
இதற்குச் சாட்சி ஒரு பல்லி.

சவாசனம் அவளுக்குக் கைவந்த கலை.
ஏழு படத்தில் இடைவேளைக்கு முன்பே செத்திருக்கிறாள்.
"கண்ணை மூடுங்க. உடம்பை மண்ணுகிட்ட ஒப்படைச்சிடுங்க."
ஒப்படைத்தேன்.
கல்லின் குளிர்ச்சி முதுகில் ஒவ்வொரு எலும்பாக ஏறி
"உங்கள் தங்கத்துக்குக் கிராமுக்கு அதிகபட்சக் கடன்!"
என்று ஒருவன் கத்தினான்.
ஐந்து நொடியில் தவிர்க்கலாம்.
பிணம் கையை நீட்டித் தவிர்த்தது.

செயின் ஏற்கெனவே புதுவயல் கிளையில் இருக்கிறது.
கழுத்து லேசாக இருப்பதற்கு
அவள் பாடம் மட்டுமே காரணம் என்று
சிந்தாமணியிடம் சொல்லவேண்டும்.

முடிக்கும்போது அவள் கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள்.
நெற்றியில் வியர்வையே இல்லை.
"அருமை. இன்னைக்கு நீங்க ரொம்ப அழகா செஞ்சீங்க."

எனக்குத் தெரியும்.
நான் விழுவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பே
ஆளில்லாத கடலைப் பார்த்துச் சொன்னது அது.
செய்யாமல் தூங்கிப்போனவர்களுக்கும்
சோபாவில் முறுக்கு தின்றபடி பார்த்தவர்களுக்கும்
அதே சொல், அதே சிரிப்பு.

பதினேழு வருஷமாகக்
கண்ணாடித் துளை வழியே பாஸ்புத்தகம் தள்ளுகிறேன்.
சில்லறை இல்லையா, சர்வர் வந்துருச்சா,
கையெழுத்து சேரலேங்கிறீங்களே இது என் கைதானேம்மா.
இவற்றில் எதுவும் தப்பான கேள்வி இல்லை.

பத்து நொடி பின்னால் தள்ளினேன்.
அருமை, என்றாள்.
பதினெட்டடி உயரக் கூரை
அதையே இன்னொருமுறை சொன்னது, சற்றுத் தாமதமாக.

வெளியே சாத்தையா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.
இன்னும் ஒரு பத்து நொடி.