விகுதி

குழுவின் எழுத்தர் நான்.
சாட்சிக்கு மூன்று நிமிடம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு,
மூன்றுக்கும் பொத்தான் என் வலக்கைப் பக்கம்.
பதினோரு வருடமாக
அழுதவர்களையும் அதட்டியவர்களையும்
ஒரே சிவப்பில் நிறுத்தியிருக்கிறேன்.

ஓடீல் தெரியோ, வயது ஐம்பத்தெட்டு,
உருளைக்கிழங்குக் கிடங்கில் தரம் பிரிப்பவர்.
மெய்ன் மாநிலத்தின் வடகோடியிலிருந்து
இரவு மூன்று மணிக்குக் கிளம்பி
பனி வாரும் வண்டியின் பின்னாலேயே ஊர்ந்து
அகஸ்டாவுக்கு வந்திருந்தார்.
பூட்ஸில் சாலை உப்பு
வெள்ளையாய்ப் பூத்திருந்தது.
விதிப்படி இருபது பிரதிகள்.
நீட்டும்போது மன்னிப்புக் கேட்டார்:
ஒருபக்கம் ஏற்கெனவே அச்சான தாள்கள்.

மசோதா பதினான்கே வரி.
அதிலும் சண்டை ஒரு விகுதிக்கு.
ஊர் நிர்வாகம் ஆம்புலன்ஸ் வசதி
செய்து தரலாம் என்கிறது இருக்கும் சட்டம்.
தர வேண்டும் என்று மாற்றச் சொல்கிறார்கள்.

நகராட்சிச் சங்கத்துக்காரர் முதலில் பேசினார்.
கெட்டவர் இல்லை.
நானூறு பேர் இருக்கிற ஊர்
இன்னும் எத்தனை வரியைத் தாங்கும் என்று
நிஜமாகவே கேட்டார்.
பதில் சொல்ல யாருக்கும் அவசரமில்லை.

பிறகு ஓடீல். தாளைப் பார்க்கவில்லை.
"சாலையைச் சீராக வைக்க வேண்டும்.
நாய்க்கு உரிமம் எடுக்க வேண்டும்.
எல்லாவற்றுக்கும் வேண்டும் போடத் தெரிந்த சட்டம்
மாரடைத்து விழுந்தவனிடம் வரும்போது மட்டும்
லாம் போட்டுவிடுகிறது."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"அந்த லாமில்தான் வண்டி ஓட்டுகிறோம்,
இருபத்திரண்டு வருடம், சம்பளமில்லாமல்.
ஒன்பது பேர் இருந்தோம்.
எல்டனுக்கு இடுப்பு போயிற்று.
ஜோசியன் மகள் வீட்டோடு போய்விட்டாள்.
பயிற்சி நூற்றைம்பது மணி நேரம்,
பெட்ரோல் கைக்காசு.
பையன்கள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
மரம் அறுக்கப் போகிறார்கள்.
குற்றம் சொல்ல மாட்டேன்.
இப்போது இரண்டு பேர்.
ஒருவர் ஓட்ட, ஒருவர் நெஞ்சை அழுத்த."

மஞ்சள் போட்டேன்.

தலைவர் ஹாஸ்கெல்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
"இன்றைக்கு உங்கள் ஊரை
யார் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மணி?"

அவர் திரும்பி
மூன்றாம் வரிசையைக் காட்டினார்.
அங்கே ஒரு நெடிய ஆள்
அவருடைய கோட்டை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்.

"அவன்தான் மற்றவன்.
இந்தப் பனியில் என்னால் தனியே ஓட்ட முடியாது."

அறையில் ஹீட்டர் சத்தம் மட்டும்.

"பக்கத்து ஊர் வண்டியிடம் சொல்லியிருக்கிறோம்.
ஐம்பது நிமிடம்.
வரலாம்."

சிவப்பை அழுத்த மறந்தேன் என்றால் அது பொய்.
அழுத்தினேன்.
அதற்குள் அவர் எழுந்துவிட்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து வாக்கெடுப்பு.
எட்டுக்கு ஐந்து.
லாம் அப்படியே இருந்தது.
புதிதாக ஒரு வரி சேர்த்தார்கள்:
இதுபற்றி ஆராயக் குழு ஒன்று
அமைக்க வேண்டும்.
அந்தச் சொல் கடைசியில் கிடைத்தது,
குழுவுக்கு.

கோப்பை மூடும் நாளில்
தாள்களை ஸ்கேன் செய்தேன்.
முன்பக்கம் மட்டும்தான் வழக்கம்.
ஓடீலின் தாள் ஒன்று இயந்திரத்தில் மாட்டி
கவிழ்ந்து வெளியே வந்தது.

பீன்ஸ் விருந்து, தேவாலயத்தின் கீழ்த்தளம்,
சனிக்கிழமை மாலை ஐந்து மணி,
பெரியவர்களுக்கு எட்டு டாலர்.
வசூல், டிஃபிப்ரிலேட்டர் பேட்டரிக்கு.
கீழே பேனாவில், கோணல் எழுத்தில்:
பை செய்து வருபவர்கள் பெயர் எழுதலாம்.
ஆறு கோடுகள். இரண்டில் பெயர்.
ஒன்று அவருடையது. ஆப்பிள்.

அந்தச் சனிக்கிழமை எப்போதோ முடிந்திருந்தது.

கையேட்டை எடுத்து, விதியைத் தேடினேன்.
தேவை எனக் கருதினால் எழுத்தர்
பின்பக்கத்தையும் சேர்க்கலாம்
என்று இருந்தது.

சேர்த்தேன்.