சலவைக் கணக்கு

குதைபியாவில் எங்கள் லாண்டரி.
ஜுஃபைர் ஹோட்டல் மூட்டை
ராத்திரி பத்துக்கு மேல் வரும்.
ரக்பி டீம், ஒரு தேசத்தின் டீம்.
சட்டை நெஞ்சில் ஒரு பறவை,
பறவைமேல் சேறு.

பாலைவனத்தில் ஏது சேறு என்காதீர்கள்.
சார் மைதானத்துப் புல்லுக்கு
மூன்று நாளாய்த் தண்ணீர் விட்டிருந்தார்கள்.
அதில் எங்கள் கேம்ப் ஒரு மாதம் குளிக்கும்.

இருபத்து மூன்று எண்ணி வாங்கணும்,
இருபத்து மூன்று எண்ணிக் கொடுக்கணும்.
ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர்,
சூடு பட்டால் கறை குடியேறிவிடும்.
புல்கறைக்கு வினிகர் ஒரு மூடி.
இருபத்திரண்டாம் எண்ணுக்கு ஒன்றும் தேவையில்லை.
மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தது.
நான் போட்ட மடிப்பு.

முதல் ஆட்டம் முடிந்தும் அப்படி,
இரண்டாவது முடிந்தும் அப்படி.
காலருக்குள் நாடாவில் பெயர்: லுங்கெலோ.
"லுங்கியும் துவைக்கப் போட்டிருக்கானா"
என்று குஞ்ஞுமோன் சிரித்தான்,
நானும் சிரித்தேன்.

அப்புறம் போனில் படம் வந்தது.
அவர்கள் ஊர்த் தெருவில் ஜனம்,
கையில் அட்டைகள்.
கூட்டிப்போனது ஆடவா, காட்டவா என்று
குஞ்ஞுமோன் படித்துச் சொன்னான்.
டீமில் கறுப்பு ஆள் ஒரே ஒருத்தன்.
மேனேஜர் சொல்கிறார்:
நாங்கள் நிறம் பார்க்கவில்லை,
தகுதி பார்த்தோம்.

மூன்றாம் மூட்டையை நான் கொண்டுபோனேன்.
பின்வாசல், சரக்கு லிஃப்ட் பக்கத்தில்
அவன் உட்கார்ந்திருந்தான்.
அந்த ஒரு சட்டையை உருவி மோந்து பார்த்தான்.
"இதையும் துவைத்தாயா?"
"ஆமா."
"ஏன்?"
எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்:
"கணக்கு சார். இருபத்து மூன்று."
"நானும் அதற்குத்தான்" என்றான்.
சிரிக்கவில்லை.

தகுதி.
அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை.

சித்ரா என்று பெண்பிள்ளை பேரில் இங்கே ஒரு தீவு.
போன வருஷம் எங்கள் கேம்ப் அங்கே.
கடல்பாலம் தாண்டித் தம்மாமில் கபடி,
ஏழு பேர், மாற்று மூன்று பேர்.
பட்டியல் எழுதியவன் நான்.

காத்தமுத்து இரண்டு கெமிக்கல் கேனோடு
மூன்று மாடி ஏறுவான்.
அவன் பிடித்தால் பாடுகிறவன் மூச்சு போகும்,
ஆள் போகமாட்டான்.
அவனைப் பற்றி ஒருத்தன் கேட்டான், "எந்த ஊரு?"
கேட்டது ஊரை இல்லை
என்பது எனக்கும் தெரியும்.
"மேல மேல விழற ஆட்டம்ணே"
என்றான் இன்னொருத்தன்.
அவ்வளவுதான் பேச்சு.
டீ வந்தது. குடித்தோம்.

காத்தமுத்து விசாவுக்குப் போட்டோ எடுத்துக் கொடுத்திருந்தான்,
நீலப் பின்னணி, இரவல் சட்டை.
அதை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன்.
வெயிட் பத்தாதுப்பா என்றேன்.
சரிண்ணே என்றான்.
தோற்றுத்தான் வந்தோம். அதை விடுங்கள்.
ஜெயித்திருந்தாலும் நான் எழுதியது எழுதியதுதான்.

கடைசி மூட்டையில் இருபத்திரண்டுதான் இருந்தது.
திரும்ப எண்ணினேன்.
பறவையும் சேறும் எல்லாம் சரி,
சேறு படாத ஒன்றைக் காணோம்.
மறுநாள் டீமும் போய்விட்டது.
எடுத்துப் போனானா,
எங்காவது எறிந்தானா,
உடுத்திக்கொண்டே பிளேன் ஏறினானா.
ஹோட்டல் எங்களைக் கேட்டது.
வாங்கும்போதே குறைவு என்று நான் சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
எட்டு தினார் சம்பளத்தில் பிடித்தார்கள்.

ராத்திரி மேல்கட்டிலிலிருந்து குரல்.
"எட்டு தினார் போச்சாமேண்ணே?"
"ஒரு சட்டை தொலைஞ்சு போச்சு."
"யாரோடது?"
நம்பரைச் சொன்னேன்.
"ஆளு யாரு?"
ஏசி ஓடிக்கொண்டிருந்தது.
தூங்கிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

காத்தமுத்து புரண்டு படுத்தான்.
கட்டில் கம்பிகள் வளைந்து
என் மூக்குக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றன,
அவன் வெயிட்டுக்கு.