மைனஸில் மாட்ட வேண்டியது

துருப்பிடித்ததை மைனஸில் மாட்ட வேண்டும்.
மாற்றி மாட்டினால்
தொட்டி உங்கள் பொருளைத் தின்றுவிடும்.
இதை நான் படித்ததில்லை.
மின்வேதியியல் நிலையத்தில் பதினொரு வருஷம்
குடுவை கழுவினேன்.
கழுவுகிறவளுக்கு முன்னால்
யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை.

இப்போது செக்காலை ரோட்டுக்குப் பின்னால்
தகரக் கொட்டகை, நீல டிரம்,
சலவை சோடா முக்கால் கிலோ,
சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய கம்பிகள்,
லாரிக்காரர் கடனுக்குப் பதிலாக விட்டுப்போன சார்ஜர்.
சுவிட்சைப் போட்டால்
தண்ணீர் பொரிய ஆரம்பிக்கும்.
பீடி பிடிப்பவர்கள் வாசலோடு நிற்கணும்;
அந்தக் குமிழ் தீப்பிடிக்கும்.

ஆவணியில் கண்டனூர் திண்ணப்பன் வந்தார்,
மஞ்சள் பையில் ஒரு கார்புரேட்டருடன்.
அந்த உலோகம் சோடாவுக்குத் தாங்காது.
பன்னிரண்டு எலுமிச்சை பிழிந்து
எவர்சில்வர் அண்டாவில் கொதிக்க விட்டேன்.
பக்கத்து வீட்டு ஆமினா சுவர் மேல் எட்டி
ரசமா என்றாள்.
ஆமாம், பெட்ரோல் பிசின் ரசம்,
உனக்கு ஒரு டம்ளர் ஊற்றவா என்றேன்.
ஜெட்டை எடுத்து ஊதி
துளைக்குள் ஒற்றைக் கண்ணை வைத்தேன்.
அந்தப் பக்கம் அவள் மூக்குத்தி.

புரட்டாசியில் நாச்சியப்பன்,
ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு
ஒரு முன்பக்க பம்பர்.
பிரியாணிப் பொட்டலத்து ஃபாயிலைக் கசக்கி
நனைத்துத் தேய்த்தால் போதும்,
குரோமியம் தானே முகம் கழுவிக்கொள்ளும்.
பம்பரில் தன்னைப் பார்த்துக்கொண்டே
"திண்ணப்பன் கொடுத்தது எப்படி வந்தது?" என்றார்.
தெரிந்தவரா என்றேன்.
"சித்தப்பா மகன்."
அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.
கூலியில் ஐம்பது குறைத்துக் கொடுத்தார்.

உண்ணாமலை ஆச்சி புளியையும் சேர்த்தே கொண்டுவந்தார்.
"கடைப் புளியில் உப்பு கலந்திருப்பான்.
என் புளியில் தேய்."
பானெட்டின் பித்தளைச் சின்னம், உள்ளங்கை அளவு.
உப்பு இருந்தால்தான் பித்தளை சட்டென்று வெளுக்கும்.
ஆச்சி போனதும் ஒரு கை அள்ளிப் போட்டேன்.
ஹெட்லைட் கண்ணாடிக்கு விபூதி.
அதற்கு மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுத் துடைத்தேன்,
ஏனென்று கேட்காதீர்கள்.

பினாங்கிலிருந்து கூரியரில் ஒரு வைப்பர் கை.
சுங்கச் சீட்டில் மதிப்பு: பூஜ்யம்.

எல்லாவற்றின் இடுக்கிலும்
அதே கருஞ்சிவப்பு பெயின்ட்.

பத்திர ஆபீஸ் பையன்தான் சொன்னான்:
வீடு அறை அறையாகப் பிரிந்துவிட்டதாம்.
கார் ஒன்றுதான், பங்கு பதினொன்று.
விற்கச் சொன்னால் விலையில் சண்டை,
வைத்துக்கொள்ளச் சொன்னால் சாவியில் சண்டை.
கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
ஸ்பானரும் தராசும் கொண்டு வந்து
பைசல் பண்ணினார்களாம்.

கார்த்திகை மழையில் கரண்ட் போன ஒரு ராத்திரி
தார்ப்பாயில் எல்லாவற்றையும்
அதனதன் இடத்தில் வைத்துப் பார்த்தேன்.
நடுவில் நிறைய வெறும் தரை.
பம்பரைப் பழைய தாங்கியில் பொருத்தினேன்.
போல்ட் நாலும் கையாலேயே ஏறின,
சாவி தேவைப்படவில்லை.
டார்ச்சை அடித்தேன்.
ஹெட்லைட் என்னைப் பார்த்தது.
டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில்
கொஞ்ச நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.
எங்கும் போகவில்லை.

விடிந்ததும் கழற்றிவிட்டேன்.
தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்குப் பிடிக்கும்;
தையல் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்து
பேப்பரில் சுற்றி, பெயர் எழுதி,
அவரவர் வீட்டில் கொடுத்தேன்.
ஒவ்வொரு வீட்டிலும் அதே கேள்வி,
மற்றவருடையது இவ்வளவு மின்னுகிறதா?
இல்லை என்றேன்.
எல்லோரிடமும் இல்லை என்றேன்.

போல்ட் நாலையும் யாரும் கேட்கவில்லை.
எந்தப் பங்கிலும் அவை எழுதப்படவில்லை.
ஒன்றை டேபிள் ஃபேனில் முடுக்கினேன்.
இப்போது ஆடாமல் சுற்றுகிறது.
மூன்று டப்பாவில் கிடக்கின்றன.