மூன்றேமுக்கால் சுற்று

ஆல்வின் சாரிடம் சொல்ல
பதினோரு நாள் ஆயிற்று எனக்கு.
பாளையங்கோட்டை மைதானம், மாலை ஐந்தரை.
பொடியன்கள் இருநூறு மீட்டர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.
ஸ்டாப்வாட்சிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை.
"யார்கிட்ட போற?"
சொன்னேன்.
"முப்பத்தொண்ணு நாலு" என்றார்.
அது எனக்கான பதில் இல்லை,
கடைசியாய் வந்த பையனின் நேரம்.

ஒன்பது வருடம் அவர் நோட்டில் இருந்தேன்.
நேரம் குறைந்த நாள் நீல மையில்,
கூடிய நாள் சிவப்பில்.
கடைசி இரண்டு நோட்டும்
வேலியோரச் செம்பருத்தி மாதிரி.
அவர் திட்டவே இல்லை.
திட்டியிருந்தால் ஒரு கோபத்தையாவது
காலில் கட்டிக்கொண்டு ஓடியிருப்பேன்.
நாலரைக்கு அலாரம் அடிக்கும்போது
காய்ச்சல் வந்திருக்காதா என்று
நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.
தபாலாபீசில் முத்திரை குத்தும்போதும்
ஒரு குத்துக்கும் மறு குத்துக்கும் இடையே
நொடி எண்ணிக்கொண்டிருக்கும் விரல்.

முப்பிடாதி என்னைவிட மூன்று வயது இளையவள்.
என்னிடம் ஆறு முறை தோற்றவள்.
இப்போது பணகுடியில் விளையாட்டு டீச்சர்.
வள்ளியூர் பஸ் ஸ்டாண்டில் தற்செயலாய்ப் பார்த்தபோது
பிள்ளைக்கு பிஸ்கட் பிரித்துக்கொண்டே சொன்னாள்:
"அக்கா, உங்க முதுகு எனக்கு மனப்பாடம்.
மூணாவது சுத்துல இடது தோளு
காதுகிட்ட ஏறிரும்.
அப்பம்லாம் நெனப்பேன், இன்னிக்குப் பிடிச்சிரலாம்னு."
"பிடிக்கலையே?"
"எனக்கும் மூச்சு இருக்கணும்லா."

என் நேரத்தைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர்.
முதுகைப் பார்க்க
பின்னால் வந்திருக்க வேண்டும்.

ஆனிக் காற்று.
காற்றாலைகள் ஒன்றுகூட நிற்கவில்லை.
என் கைக்கடிகாரத்தைக் கழற்றி
சோற்றுத் தூக்கில் போட்டு மூடினாள்.
"பேசிக்கிட்டே ஓடணும்.
பேச்சு நின்னா வேகம் கூடிட்டுன்னு அர்த்தம்."
என்னத்தைப் பேச?
பதினாலு வருடமாய் வாயை மூடித்தான் ஓடியிருக்கிறேன்.
ஆளில்லாத வீட்டுக்கு மாதாமாதம் வரும்
ஒரு பதிவுத் தபாலைப் பற்றிச் சொன்னேன்.
அவள் மாமியாரின் சீட்டுக் கணக்கைச் சொன்னாள்.
தண்ணிக் கேன் சைக்கிள் எங்களைத் தாண்டிற்று.
ஒரு வெள்ளாடு தாண்டிற்று.
இதற்குப் பெயர் பயிற்சியாம்.
அழுகை வந்தது.
எதிர்காற்று அதைக் காதுப்பக்கம் தள்ளிவிட்டது.

ஏழு வாரம், சனியும் ஞாயிறும், இப்படி.
எட்டாவது வாரம் அவளுக்குத் தேர்வுப் பணி.
"வராண்டாம், சவத்த வுடுங்க, தூங்குங்க"
என்று தகவல் அனுப்பியிருந்தாள்.
அலாரத்துக்கு முன்னால் முழித்தேன்.
கை நெற்றிக்குப் போகவில்லை.
சீவலப்பேரி ரோட்டில், யாரும் சொல்லாமல்,
எனக்கு நானே பேசிக்கொண்டு ஓடினேன்.
பால்காரர் ஒருத்தர் வண்டியை நிறுத்தி
"யாரைத் தேடுதம்மா?" என்றார்.
யாரையும் இல்லை அண்ணாச்சி என்றேன்.
சொல்லி முடித்தபோது அவர்
ரொம்பப் பின்னால் இருந்தார்.

புரட்டாசியில் அதே மைதானத்தில் போட்டி.
முடிவுக்கோட்டு மேசையில் ஆல்வின் சார்.
மூன்றாவது சுற்றில்
கம்பிவேலிக்கு அந்தப் பக்கமிருந்து
"தோளு!"
பிள்ளையும் சேர்ந்து கத்திற்று, "தோளு!"
இறக்கினேன்.
எனக்கு முன்னால் இரண்டு பேர்.
கடைசிவரை முன்னால்தான் இருந்தார்கள்.
ஆனாலும் பார்த்தேன்,
இரண்டாவதாய்ப் போனவள்
வலது முழங்கையை வெளியே வீசுகிறாள்,
பாவம், யாரும் சொல்லவில்லை போல.

சார் என் நேரத்தை வாசித்தார்.
வாய் அசைந்தது தெரிந்தது.
குழாயில் தலையைக் கொடுத்திருந்தேன்,
காதெல்லாம் தண்ணீர்.

சாமான் அறைச் சாவி ஒன்று
ஒன்பது வருடமாய் என் பையில் கிடக்கிறது.
அவரும் கேட்கவில்லை.
திங்கட்கிழமை கொடுத்துவிட வேண்டும்.