மீசையில் மண்

லுபோர் போகும்போது
புத்தகங்களை எடுத்துக்கொண்டான், காரை, நல்ல கத்தியை.
எடுக்க முடியாமல் நின்றது தொட்டிதான்:
நூற்றுப்பத்து லிட்டர், ஆறு வெளுத்த கெளுத்திகள்,
நான்காம் மாடி, லிஃப்ட் பழுது.
"பிறகு வருகிறேன்" என்றான்,
தொட்டியைப் பார்த்து.

அதுவரை அவற்றுக்கு
ஒரு துணுக்கு இரை போட்டவளில்லை நான்.
உரித்த பூண்டின் நிறம்.
கண் மட்டும்
ஊசி குத்திய இடத்தில் துளிர்த்து நின்ற ரத்தம்.
விளக்கைப் போட்டால் வேர்க்கட்டைக்கடியில் ஒதுங்கும்.
ஒஸ்த்ராவாவின் இரவு ட்ராமை ஓட்டிவிட்டு வந்து
பகலெல்லாம் திரைச்சீலைக்குள் கிடக்கிறவளுக்கு
அதில் குறைசொல்ல ஏதுமில்லை.
அதிகாலை மூன்றே முக்காலுக்கு
நாங்கள் அறிமுகமானோம்.

அப்போதுதான் கண்டேன், மீசை தேய்ந்திருந்தது.
வெள்ளை மீனுக்குக் கறுப்பு எடுப்பாக இருக்குமென்று
கூர்முனைச் சரளை பரப்பியிருந்தான்.
அதில் முகம் தேய்த்துத் தேய்த்து இரை தேடி
மூக்கடியில் மழித்த முளைகள்.

மீன்கடை பெட்ரிஹ் அதிகம் பேசமாட்டார்.
"மணல்" என்றார்.
இருபத்தைந்து கிலோ. நான்கு மாடி.
குளியல் தொட்டியில் அலசினேன், பன்னிரண்டு முறை,
கீழ்வீட்டு ஷிமோன்கோவா அம்மாள்
கரண்டியால் குழாயைத் தட்டத் தட்ட.

விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லையென்று
சொல்லித் திரிந்தவனோடு
பதினோரு வருடம் இருந்தேன்.
இவை ஒட்டிக்கொண்டே திரிகின்றன.
கண்வரைக்கும் மணலில் புதைந்து,
செவுள் வழியே ஊதிவிட்டு,
மறுபடி புதைந்து.
திடீரென ஒன்று மேலே பாயும்,
ஒரு வாய் காற்றை விழுங்கும்,
யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் இறங்கிவிடும்.

ஜூலையில் மலைப்பக்கம் இடித்தது.
தொட்டியில் பாதித் தண்ணீரை இறக்கிவிட்டுக்
குழாய்த் தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றினேன்.
யோசித்துச் செய்ததல்ல;
எங்கள் கட்டடத்துக்கு அந்த வாரம் வெந்நீர் நிறுத்தம்.
அவற்றுக்கோ
எந்த ஆற்றிலோ மழை தொடங்கிவிட்டது.
விடியும்போது பெரியவள்
அடித்துடுப்பைக் கைபோலக் குவித்து
நான்கு முட்டைகளை ஏந்திவந்து
கண்ணாடியில் ஒட்டினாள்.
திரும்பிப் போனாள். இன்னும் நான்கு.

நான்கு வருடம் இதற்காக
நோட்டுப் போட்டு வெப்பநிலை குறித்துவந்தான் லுபோர்.

ஒட்டியவளே தின்றுவிடுவாள் என்றார் பெட்ரிஹ்.
விரல்நுனியால் உருட்டி உருட்டிப் பிரித்தேன்,
வெனிலா ஐஸ்க்ரீம் டப்பாவில் விட்டேன்.
பூஞ்சை பிடிக்காமலிருக்க
ஆற்றோரத்து ஆல்டர் மரக்காய்கள்;
தண்ணீர் தேநீரானது.
"மூன்றாம் நாள் உள்ளே கரும்புள்ளி தெரியும்,
அதுதான் கண்.
தெரியாவிட்டால் கொட்டிவிடு."

மூன்றாம் நாள் தெரியவில்லை.
நான்காம் நாளும்.
போன் அடித்தது. "சனிக்கிழமை வேன் கொண்டுவருகிறேன்.
எல்லாம் உயிரோடுதானே?"
"ஆறும்" என்றேன்.
டப்பாவைத் தொட்டிமுற்றத்துக்கு,
அதாவது பாத்திரம் கழுவுமிடத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்தேன்.
விளிம்புவரை வந்த நீரில்
ஒரு வால் துடித்தது.

மயிரிழை உடம்பு. அதன் முனையில் இரண்டு
சிவப்பு.
கறுப்புக்கு எங்கே போகும் இவை?
எங்கே போகும் என்று
சத்தமாகவே கேட்டேன்,
கை நடுங்க டப்பாவை நிமிர்த்திக்கொண்டு.

சனிக்கிழமை வந்தான், வெண்டெலீன் என்ற நண்பனோடு.
வாளியில் ஆறு மீன்.
மீசை வளர்ந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை.
மணலை மட்டும் கவனித்தான்: "கறுப்பு என்னவாயிற்று?"
"மணலையே போடு" என்றேன்,
"திரும்பச் சரளை வேண்டாம்."
அதை மட்டும் இரண்டுமுறை சொன்னேன்.

போகும்முன் ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.
ஃபிரிட்ஜின் மேலே பார்த்தான்.
"ஐஸ்க்ரீமை வெளியே வைத்திருக்கிறாயே, உருகிவிடாதா?"

"நீ கிளம்பு" என்றேன்,
"நான் பார்த்துக்கொள்கிறேன்."