தடைக்காலக் கணக்கு

ஆனி பிறந்து ஒன்பது நாள்.
ஐஸ் ஆலையில் மோட்டார் ஓடவில்லை.
உள்ளே, கவிழ்த்த மீன்பெட்டிகளில் பதினொரு பேர்,
பதினொருவரும் கோச்சு.
நான் மட்டும் பொருளாளர்,
மடியில் நோட்டு,
அதற்கு மேல் பாலித்தீன் பை.

"கோலியை வித்து கோலடிக்க ஆள் வாங்குனா
வாசக்கதவை வித்துக் கட்டில் வாங்குன கணக்குல்லா வேய்"
என்றார் சிலுவைப்பிச்சை.
மழையில் இரண்டு பேர் சிரித்தது
மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

டெல்பினுக்குக் கேட்டது.
கத்தாரிலிருந்து வந்து மூன்று மாதம்;
நன்கொடைச் சீட்டில் முதல் பெயர்.
அவன் இருமினாலும் ஒரு நொடி பொறுப்போம்.
"போன சீசன்ல டிரா எத்தன? ஏழு.
டிராவுக்கு எவன் கோப்பை தருவான்?
மஞ்சேரிக்காரன் வந்தா கேலரி நிறையும்.
ரெண்டேகால் லட்சம் ரெண்டே மேட்ச்சில் திரும்பும்."

"நிறையும். மழையும் நிறையும்."

யார் சொன்னதென்று தெரியவில்லை.

பி.டி. வாத்தியார் வர்க்கீஸ்
தரையில் செங்கல் துண்டால் பெருக்கிக் காட்டினார்:
அந்தக் காசுக்கு
பதினாறு வயசுப் பயலுகளுக்கு
நூத்தம்பது ஜோடி பூட்ஸ்.
"நம்ம ஊர்ல அத்தன காலு கெடையாது சார்"
என்று எவனோ சொல்ல
வாத்தியார் செங்கல்லைத் தூர எறிந்தார்.

வாசலில் குடையை உதறியபடி நின்றாள்
ஏலக்காரி ஸ்டெல்லா.
ஐஸுக்கு வந்தவள் இல்லை, சண்டைக்கு வந்தவள்.
"வள்ளவிளைக்காரன் எண்பது எண்ணான்.
நீங்க சரி எண்ணியோ.
கெட்டுப்போன சாளைக்கே
ஒருதரம் ரெண்டுதரம் சொல்லணும்டே.
மொதக் கேள்விக்கு விட்டவன்
இந்தக் கடற்கரையில நீங்க ஒரு கூட்டம்தான்."

கையெழுத்து என்னுடையது.
நோட்டைத் துடைத்தேன்,
அதில் ஈரமே இல்லை.

அப்போதுதான் பைக் வந்து நின்றது.
ஆன்றோ.
மழைக்கோட்டுக்குள்ளிருந்து ஒரு பை,
பைக்குள் ஒன்றாம் நம்பர் ஜெர்சி,
துவைத்துத் தேய்த்து நாலாய் மடித்தது.
"கிளப்பு சாமான்" என்றான்.

பதினொரு கோச்சும் மோட்டாரைப் பார்த்தோம்.

"எத்தனைக்கு? ஒருத்தனும் எனக்குச் சொல்லல்ல."

எண்பது என்றேன்.
ஆயிரம் என்பதைச் சேர்த்துச் சொன்னேன்,
சேர்த்தால் கொஞ்சம் பெருகும் என்பது போல.

"எண்பதா?"

கோபம் விற்றதற்கு இல்லை.
பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.
"ஏழு டிரா எண்ணு சொல்லுதியோ.
அதுல நாலு, தோத்த கணக்கு.
பெனால்டி மூணு பிடிச்சிருக்கு.
ஒண்ணரைக்குக் கொறச்சு ஒரு கோலிய விடலாமா?
எவன் பேசுனான் இந்த வெல?"

வேறு யாரையோ பற்றிப் பேசுகிற மாதிரி பேசினான்.
சிலுவைப்பிச்சை அவன் பக்கம் சேர்ந்தார்.
டெல்பின், வயசு இருபத்தொன்பது, முழங்கால் வீக்கம் என்றான்.
ஆன்றோ முழங்காலைத் தொட்டுப் பார்த்து
அதை மட்டும் ஒத்துக்கொண்டான்.
"அப்ப ஒண்ணே கால்."
ஸ்டெல்லா ஒருதரம் என்றாள்.
எல்லோரும் சிரித்தோம். அவனும்.

கட்டஞ்சாயா வந்தது.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
அவனே சொன்னான்:
"பூத்துறையில ஒரு பய உண்டு.
உயரம் கம்மி, கை நீட்டம்.
இடது பக்கம் விழ மட்டும் பயப்படுவான்.
இருபதுக்குக் கிடைப்பான்.
மஞ்சேரிக்காரனுக்கு அட்வான்ஸ் குடுக்கதுக்கு முன்னால
அவனைப் பிடியுங்க."
எழுதிக்கொண்டேன்.
எண்பதுக்கு நேர் கீழே, இருபது.

போகும்போது கையுறையைப் பெட்டி மேல் வைத்தான்.
"அந்தப் பயலுக்கு ஆவும்."
பைக் சத்தம் தேவாலய வளைவு வரை கேட்டது.

மஞ்சேரிக்காரன் இடதுகாலனா வலதுகாலனா என்று
மறுபடி தொடங்கினார்கள்.
நான் கையுறையை வரவில் ஏற்ற
நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
பந்து, வலை, சுண்ணாம்பு,
நடுவருக்கு பிரியாணி,
எல்லாம் இருந்தது.
மூன்று சீசனில்
கையுறைக்கென்று ஒரு ரூபாய்கூட
நான் எழுதியிருக்கவில்லை.